திரும்பி வரும் வழியைக் குறித்து வையுங்கள்

கேள்வி: ஒரு நிறுவனத்தில் சரக்கிருப்புக் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பதவி உயர்வு கிடைத்துப் பத்து மாதம் ஆகிறது. சரக்கு வருவது, போவது, சேதமாவது எல்லாவற்றுக்கும் சேர்த்துப் புதிய நடைமுறைக் கையேடு எழுதுவதுதான் எனக்குத் தந்திருக்கும் முக்கியமான பொறுப்பு. மூன்று மாதமாக முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. உட்கார்ந்தால் போதும், "ஒரு நிமிஷம் மேடம்" என்று யாராவது வந்து நிற்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஏதாவது வரும். வீட்டிலிருந்து போன் வரும். ஒன்றுமே இல்லாவிட்டால் நானே போனை எடுத்துப் பார்க்கிறேன். ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு வரை கையேட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கினேன். மூன்று நாள்கூட ஓடவில்லை. ஆனால் தணிக்கை வாரத்தில் மட்டும் இரவு வரை அசையாமல் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். எனக்கு ஏடிஎச்டி என்கிற கவனக்குறைபாட்டுக் கோளாறு இருக்குமோ? கவனத்துக்கு நல்ல செயலி ஏதாவது உண்டா? பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை செய்யலாமா?

பதில்: நீங்கள் போகிறபோக்கில் எழுதிய தணிக்கை வாரத்திலிருந்தே தொடங்கலாம். அந்த வாரத்தில் உங்கள் மூளை மாறிவிடுவதில்லை. சுற்றியிருக்கும் நான்கு விஷயங்கள் மாறுகின்றன. முடிக்க வேண்டிய தேதி கண்ணெதிரே இருக்கிறது. தணிக்கையாளர் என்ற ஒரு மனிதர் உங்கள் தாளுக்காகக் காத்திருக்கிறார். இந்த வவுச்சர் முடிந்தால் அடுத்த வவுச்சர் என்று, அடுத்துச் செய்ய வேண்டியது யோசிக்காமலே கைக்கு வருகிறது. மேடம் தணிக்கையில் இருக்கிறார் என்று தெரிந்தால் மற்றவர்களும் கிட்டே வர யோசிக்கிறார்கள். கையேட்டுக்கு இந்த நான்கில் ஒன்றுகூடக் கிடையாது. அது மணி அடித்து உங்களைக் கூப்பிடுவதில்லை. இன்று தொடாவிட்டால் யாரும் கேட்கப் போவதுமில்லை.

அவசரமானது முக்கியமானதைத் தள்ளிவிடும் என்பது உங்களுக்கு மட்டும் உள்ள பலவீனம் கிடையாது. கூடுதல் பலன் தரும் வேலையையும், குறைவான பலன் தந்தாலும் சீக்கிரம் கெடு முடிகிற வேலையையும் எதிரெதிரே வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், கெடு உள்ள வேலையை நோக்கிப் பலர் சாய்கிறார்கள் என்று 2018இல் வெளியான சோதனைகள் காட்டின. அந்தக் கெடு வெறும் பேருக்கு வைத்ததாக இருந்தாலும் அதே கதைதான். ஆகவே மன உறுதியைத் திட்டிப் பயனில்லை. தணிக்கை வாரத்தின் அந்த நான்கையும் கையேட்டுக்குக் கடன் வாங்கிக் கொடுப்பதே வேலை.

அதற்கு முன் ஒரு கணக்கு. மூன்று நாள், வேறு எதையும் மாற்றாமல், மேஜையில் ஒரு தாளை வையுங்கள். கவனம் வேலையை விட்டுப் போகும் ஒவ்வொரு முறையும் ஓர் எழுத்து: வெளியிலிருந்து இழுத்தால் 'வெ', நீங்களே போனால் 'உ'. பக்கத்தில், திரும்பி வந்து மறுபடி கையேட்டில் கைவைத்த நேரம். தாளில் '10.12 வெ – 10.31' என்று ஒரு வரி இருந்தால் போதும். விளக்கம் எழுத ஆரம்பித்தால் இரண்டாம் நாளே விட்டுவிடுவீர்கள்.

இந்தத் தாளில் பெரும்பாலோர் எதிர்பார்க்காத இரண்டு விஷயங்கள் தெரியவரும். ஒன்று, 'உ' எழுத்துகளின் எண்ணிக்கை. அலுவலக ஊழியர்களைக் கூடவே இருந்து கவனித்த ஆய்வுகளில், ஏறக்குறைய பாதிக் குறுக்கீடுகள் அவரவர் தாமே செய்துகொண்டவை. இரண்டாவது, திரும்பிய நேரம். ஒருமுறை கவனம் சிதறினால் மூளை பழைய நிலைக்கு வர 23 நிமிடம் ஆகும் என்று எங்கும் சொல்லப்படுகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் குளோரியா மார்க் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த எண் அது. ஆனால் பொருள் திரிந்துவிட்டது. மூளை சூடேற 23 நிமிடம் ஆகவில்லை. விட்ட வேலைக்குத் திரும்புவதற்குள் சராசரியாக இரண்டு வேறு வேலைகளைப் பார்த்துவிட்டு வந்ததால்தான் அவ்வளவு நேரம். வந்தவரின் கேள்விக்கு இரண்டே நிமிடம். அதற்காகத் திறந்த மெயிலில் இன்னொன்று கண்ணில் பட, அதற்குப் பதில் எழுத ஒரு கோப்பைத் தேட, மணி பதினொன்று. உங்கள் தாளிலும் இதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். குறுக்கீட்டில் போவதைவிடத் திரும்பும் வழியில் போவதே அதிகம்.

அதனால் முதலில் பழக வேண்டியது திரும்பும் குறிப்பு. மற்ற எல்லாவற்றையும்விட இதை நான் முன்னே வைப்பேன், ஏனென்றால் இதற்கு யாருடைய ஒத்துழைப்பும் வேண்டாம். கையேட்டு வேலையை எந்தக் காரணத்துக்காக விட்டாலும், எழுவதற்கு முன் பத்து நொடியிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் மூன்று வரி எழுதுங்கள்: எங்கே நிற்கிறேன், அடுத்து என்ன, திரும்பியதும் எழுதும் முதல் சொற்கள் என்ன. உங்கள் வேலையில் அது இப்படி இருக்கும்:

இப்போது: சேதமான சரக்கு, 4ஆம் பத்தி. பதிவு செய்ய வேண்டியவர் யார் என்பதில் நிற்கிறேன்.
அடுத்து: பழைய பதிவேட்டில் போன மாதச் சேத உள்ளீடுகளில் கையெழுத்து யாருடையது என்று பார்ப்பது.
முதல் சொற்கள்: "சேதத்தை முதலில் கண்டவரே..."

ஒருவர் வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குப் போகும்போது, மனத்தின் ஒரு பங்கு பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் எழுதினார். கவன எச்சம் என்று அதைச் சொல்லலாம். திரும்பி வந்து எப்படித் தொடர்வது என்பதைச் சுருக்கமாக எழுதிவிட்டு எழுந்தால் அந்த எச்சம் குறைகிறது என்று 2018இல் வெளியான அவருடைய பிந்தைய ஆய்வு காட்டியது. அதாவது இந்தக் குறிப்பு இரண்டு பக்கமும் உதவும். வந்து நிற்பவர் சொல்வதும் உங்கள் காதில் ஒழுங்காக விழும்.

இதில் வழக்கமாகத் தவறுவது இரண்டு இடத்தில். 'தொடர வேண்டும்' என்று மட்டும் எழுதி வைப்பது ஒன்று. திரும்பி வந்து அதைப் படித்தால் எதைத் தொடர்வது என்று முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும். இன்னொன்று, ஆள் வந்து நின்றுவிட்டாரே என்ற கூச்சத்தில் எழுதாமல் எழுவது. பேனாவை எடுத்தபடியே "ஒரு வரி எழுதிட்டு வந்துடறேன்" என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட சோதனையில், வரிசை தவறாமல் செய்ய வேண்டிய ஒரு வேலையின் நடுவே மூன்று நொடிக்கும் குறைவான குறுக்கீடு வந்தபோதே வரிசைப் பிழைகள் இரட்டிப்பாயின. கணக்கில் இருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூட்டிக்கொண்டே வரும்போது யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

அடுத்து கையேடு. 'நடைமுறைக் கையேடு எழுதுவது' என்பது ஒரு வேலையே அல்ல, அது ஒரு தலைப்பு. தலைப்பின் முன்னால் உட்கார்ந்தால் கை தானாகப் போனுக்குப் போகும். தாளில் விழும் 'உ'க்களில் பல இந்த இடத்தில்தான் விழும், பார்த்துக்கொண்டே இருங்கள். ஒரே உட்காரலில், அதாவது 30 முதல் 45 நிமிடத்தில், முடிந்ததா இல்லையா என்று சொல்லக்கூடிய துண்டுகளாக அதை நறுக்க வேண்டும். 'சேதப் பகுதியைப் பார்ப்பது' துண்டாகாது, ஏனென்றால் பார்ப்பதற்கு முடிவே இல்லை. 'சேதம் கண்டது முதல் கணக்கில் கழிப்பது வரை யார் யார் கைக்குப் போகிறது என்று அம்புக்குறி போட்டு வரைவது' ஒரு துண்டு. 'பழைய படிவத்தில் யாரும் நிரப்பாத கட்டங்களை அடித்துவிடுவது' இன்னொரு துண்டு. இப்படிப் பத்துத் துண்டு நறுக்கவே முதல் நாள் அமர்வு முழுக்கப் போகும். போகட்டும். முழுக் கையேட்டுக்கும் இன்றே பட்டியல் போட உட்காராதீர்கள். பட்டியல் போடுவதும் சுகமான தள்ளிப்போடல்தான்.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஒதுக்கியது மூன்று நாள்கூட ஓடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒரு பிரிவைப் பார்த்துக்கொள்பவர் மூன்று மணி நேரம் காணாமல் போக முடியாது, அவ்வளவுதான். முதல் நாளே யாராவது உள்ளே வருவார்கள், வரவும் வேண்டும். 45 நிமிடம் என்றால் அலுவலகம் தாங்கும். அதை மெயிலைத் திறப்பதற்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். திறந்த பிறகு என்றால், படித்துவிட்டுப் பதில் போடாத மெயில்கள் எழுதும் நேரம் முழுக்க மண்டைக்குள் ஓடும். வாரத்தில் நான்கு நாள் போதும். எந்த நாள் எப்போதுமே நெரிசலோ, அந்த நாளை முன்கூட்டியே விட்டுவிடுங்கள். டைமர் வைத்து 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்று ஃபிரான்செஸ்கோ சிரில்லோ உருவாக்கிய பொமொடோரோ முறையைப் பலர் சிபாரிசு செய்வார்கள். வவுச்சர் சரிபார்க்க அது நன்றாகவே பொருந்தும். எழுதுவதற்கு எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. எழுத்து சூடுபிடிக்கவே முதல் பத்து நிமிடம் போய்விடும். கை ஓடத் தொடங்கும்போது மணி அடிக்கும். எந்த அளவு வைத்தாலும் டைமர் போனில் இருக்கக் கூடாது. நேரம் பார்க்கப் போனை எடுத்தவர் நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு வைத்த வரலாறு கிடையாது.

காத்திருக்கும் மனிதரையும் ஏற்பாடு செய்துவிடலாம். கையேட்டைப் பயன்படுத்தப் போகிறவர்களில் ஒருவரிடம், கிடங்கில் இருப்பவர் என்றால் இன்னும் நல்லது, வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குச் சேதப் பகுதி ஒரு பக்கம் தருகிறேன், படித்துப் பார்த்து எங்கே புரியவில்லை என்று சொல்லுங்கள் என்று இப்போதே கேட்டு வையுங்கள். மேலதிகாரியைக் கேட்காதீர்கள். அவரிடம் தர வேண்டும் என்றால் நீங்கள் மெருகேற்றத் தொடங்குவீர்கள், பக்கம் வெள்ளிக்குள் வராது.

இனி போன். பெரும்பாலோர் சத்தத்தை மட்டும் அணைத்துவிட்டு முடிந்தது என்று நினைக்கிறார்கள். அதிர்வு மேஜையில் உறுமும், திரை மேல்நோக்கி இருந்தால் வெளிச்சம் அழைக்கும், கையில் ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் மணிக்கட்டைத் தட்டும், கணினியில் வாட்ஸ்அப் திறந்திருந்தால் மேலே தாவலில் எண் ஏறும். அறிவிப்பு வந்தது தெரிந்தாலே போதும், போனைத் தொடாவிட்டாலும் கவனச் சோதனையில் பிழை கூடுகிறது என்று 2015இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆகவே அந்த 45 நிமிடமும் நான்கு வாயிலும் மூடியிருக்க வேண்டும்: போன் பைக்குள் அல்லது எழுந்து போய் எடுக்க வேண்டிய தூரத்தில், வாட்ச் கழற்றி அதோடு, கணினியில் வாட்ஸ்அப்பும் மெயிலும் சுருக்காமல் முழுக்க மூடி.

வீட்டிலிருந்து அவசரமாக அழைத்தால் என்ன செய்வது என்ற பயம்தான் இங்கே எல்லோரையும் தடுக்கிறது. அதற்கு வழி போனிலேயே இருக்கிறது. டூ நாட் டிஸ்டர்ப் அமைப்பில் குறிப்பிட்ட சிலரின் அழைப்பை மட்டும் அனுமதிக்கலாம். வீட்டில் மூன்று பேரைச் சேருங்கள், அதற்கு மேல் வேண்டாம். திரும்பத் திரும்ப அழைப்பவர்களை அனுமதி என்று இன்னொரு தேர்வு உண்டு. அதை இயக்கி வைத்தால், ஒரே எண்ணிலிருந்து இரண்டாவது அழைப்பு ஐபோனில் 3 நிமிடத்துக்குள், ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள் வந்தால் மணி அடிக்கும். "அவசரம்னா உடனே இன்னொரு தடவை அடிங்க" என்று வீட்டில் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். நம்பிக்கை வர, வீட்டிலிருந்து ஒரு நாள் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சோதித்துப் பார்க்காத அமைப்பை மனம் நம்பாது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கவே செய்யும்.

நாள் முழுக்க அறிவிப்புகளை நிறுத்திவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். 2019இல் வெளியான ஒரு கள ஆய்வில், அறிவிப்புகள் நாளில் மூன்று முறை மொத்தமாக வரும்படி வைத்தவர்கள் கூடுதல் கவனத்தோடும் குறைந்த அழுத்தத்தோடும் இருந்தார்கள். அடியோடு நிறுத்தியவர்களுக்கோ, எதையாவது தவறவிடுகிறோமோ என்ற பதற்றம் கூடியது. மூன்று நேரம் குறித்து வைத்துக் குழுக்களை அப்போது பாருங்கள். ஓயாத குழுக்களை ஆவணப்பெட்டிக்குள், அதாவது ஆர்க்கைவில், போட்டுவிட்டால் அவை மேலே ஏறி வராது. உங்கள் பெயரைக் குறித்து அழைத்தாலோ உங்கள் செய்திக்குப் பதில் போட்டாலோ மட்டும் தெரியும்.

"ஒரு நிமிஷம் மேடம்" விஷயத்தில் கதவைச் சாத்துவது வேலைக்காகாது. பிரிவை நடத்துவதே உங்கள் பொறுப்பு. வருகிறவருக்கு நேரம் ஒன்றைக் கொடுங்கள்: "பத்து மணிக்கு நானே உங்க சீட்டுக்கு வரேன். அதுவரைக்கும் தாங்காதுன்னா இப்பவே சொல்லுங்க." இந்த இரண்டாவது வாக்கியம் முக்கியம். எது அவசரம் என்று தீர்மானிக்கும் பொறுப்பு அவரிடம் போகிறது, அவரும் அவமதிக்கப்பட்டதாக நினைப்பதில்லை. சொன்னபடி பத்து மணிக்குக் கட்டாயம் போங்கள். இரண்டு முறை போகாவிட்டால் மூன்றாவது முறை அவர் காத்திருக்க மாட்டார், அவர் மேல் தப்பும் சொல்ல முடியாது. ஒரே கேள்வியோடு மூன்று பேர் வந்தால் அது குறுக்கீடு அல்ல, கையேட்டில் விட்டுப்போன பத்தி. குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே போனை எடுக்கும் 'உ'வுக்கு இன்னொரு தாள். எழுதிக்கொண்டிருக்கும்போது கட்டணம் கட்டாதது, யாருக்கோ பதில் சொல்லாதது எல்லாம் ஞாபகம் வரும். வந்ததை அந்தத் தாளில் எழுதுங்கள், பக்கத்தில் எப்போது செய்வீர்கள் என்பதையும் எழுதுங்கள்: 'மின்கட்டணம், மதியம் 1.15'. வெறும் 'மின்கட்டணம்' என்று எழுதினால் மனம் விடாது. முடிக்காத காரியம் நினைவில் வந்து நச்சரிப்பது, அதற்குத் திட்டவட்டமான ஏற்பாடு செய்ததுமே அடங்கிவிடுகிறது என்று உளவியலாளர்கள் மசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011இல் காட்டினார்கள். காரியத்தை முடிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. இதைக் குறிக்கப் போனைப் பயன்படுத்தினால் நரியைக் கூப்பிட்டுக் கோழிக்குக் காவல் வைத்த கதைதான்.

ஏடிஎச்டி பற்றி: கடிதத்தை வைத்து உண்டு, இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது, நானும் சொல்லவில்லை. அதைக் கண்டறியும்போது மருத்துவர்கள் பார்ப்பது, பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா, வீடு, படிப்பு, வேலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வாழ்க்கையைப் பாதிக்கிறதா என்பதை. கெடு நெருங்கும்போது மட்டும் நன்றாக வேலை ஓடுவதை வைத்து இல்லை என்றும் முடிவு கட்ட முடியாது. அது உள்ள பலருக்கும் அப்படித்தான். பள்ளிக் காலத்திலிருந்தே பொருளைத் தொலைப்பது, பாதியில் விடுவது என்று இருந்திருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். பதவி மாறிய பிறகுதான் எல்லாம் என்றால் முதலில் மேலே சொன்னவற்றை முயலலாம். ஆனால் தூக்கம் கெட்டிருக்கிறதா, எதிலும் ஆர்வம் போய்விட்டதா, காரணமில்லாத சோர்வு உண்டா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். உண்டு என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போவது நல்லது. தூக்கக் குறைவும் மனச்சோர்வும் தைராய்டுக் கோளாறும் கவனக்குறைவு மாதிரியே வந்து நிற்கும்.

செயலி எதுவும் இப்போது வேண்டாம். செயலியைத் தேர்ந்தெடுப்பதிலேயே ஒரு வாரம் இனிமையாகக் கழியும்.

எல்லாவற்றையும் திங்கட்கிழமையே தொடங்காதீர்கள். முதல் மூன்று நாள் கணக்குத் தாள் மட்டும். பிறகு ஒரு வாரம் திரும்பும் குறிப்பும் துண்டு நறுக்குவதும். அதற்கடுத்த வாரம் போனும் 45 நிமிடமும். ஆட்களிடம் நேரம் சொல்வது கடைசியாக, ஏனென்றால் அதற்குள் பத்து மணிக்கு எழுந்துவிடுவீர்கள் என்று உங்களுக்கே உறுதிப்பட்டிருக்கும். மூன்றாவது வார முடிவில் மறுபடி மூன்று நாள் தாளை வைத்துப் பாருங்கள். எழுத்துகளின் எண்ணிக்கை பெரிதாகக் குறைந்திருக்காது. திரும்பி வந்த நேரம் '10.12 வெ – 10.31' என்பதிலிருந்து '10.12 வெ – 10.17' ஆகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நடுவில் இரண்டு நாள் விட்டுப்போனால், ஈடுகட்ட மூன்றாம் நாள் இரண்டு மணி நேரம் போடாதீர்கள். அன்றைக்குப் பதினைந்து நிமிடம் போதும், ஒரே ஒரு துண்டு.

பாட்டுக் கேள்வி: கையேடு எழுதும்போது, புரிகிற மொழியில் பாடல் வரிகள் வேண்டாம். நீங்கள் எழுதத் தேடும் சொற்களும் காதில் விழும் சொற்களும் மனத்தில் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். பக்கத்து மேஜைப் பேச்சை மறைக்க ஏதாவது வேண்டும் என்றால் குரல் இல்லாத இசையோ மழைச் சத்தமோ போட்டுக்கொள்ளலாம். பட்டியலை முன்கூட்டியே போட்டுவிடுங்கள், நடுவில் பாட்டு மாற்றுவதும் தாளில் ஒரு 'உ'தான். படிவங்களை அடுக்குவது, எண்ணிட்டு வைப்பது போன்ற கைவேலைக்குப் பிடித்த பாட்டையே கேளுங்கள்.